மரியாதை தெரிந்த திருடன்

பஸ் எங்களை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிறகும் மிஸ் ஸ்க்விப் அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் யாரோ இறங்க வேண்டியது பாக்கி என்பது போல.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான். நான் ஹெஸ்டர் பிளக்ராஸ். இவன் வில்ஃப்" என்றார் பாஸ், அதாவது என் முதலாளியம்மா.

"போன் புக்குல பிளக்ராஸ் அண்ட் கம்பெனின்னு போட்டிருந்துச்சே."

"அந்தக் கம்பெனி நான்தாங்க" என்றேன்.

மிஸ் ஸ்க்விப்புக்கு எழுபது வயது இருக்கும். ஆலய நிர்வாகம், தபால்பெட்டிச் சாவி, ஊர்ப் பூச்செடிப் போட்டி எல்லாம் அவர் கையில். அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை அளந்தார். நான் ஆறடி நாலு அங்குலம், பார்த்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கடைசியில் அவர் பார்வை என் கைகளில் வந்து நின்று, பெருமூச்சாக முடிந்தது. பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். கல்யாணப் பந்தியில் பாயசம் உண்டு, அப்பளம் தீர்ந்துவிட்டது என்று கேட்டவர் மாதிரி.

லிட்டில் மோபர்டன் என்கிற இந்த ஊருக்குச் சனிக்கிழமை மட்டும்தான் பஸ். காலை பத்து நாற்பதுக்கு வரும், மாலை நாலு இருபதுக்குத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் கிடையாது, அதைப் பற்றி வருத்தமும் கிடையாது. ஊர் மொத்தமே பதினாலு வீடு, ஒரு மதுக்கடை, ஒரு ஆலயம். போன திங்களன்று மிஸ் ஸ்க்விப் எங்கள் துப்பறியும் கம்பெனிக்குப் போன் செய்திருந்தார். ஆலய கோபுரத்தின் உச்சியில் காற்றுக்குத் திசை காட்டும் வெண்கலச் சேவலைக் காணோம், சனிக்கிழமை காலை பஸ்ஸில் வர முடியுமா என்று. வருகிறோம் என்றதும் இரண்டு கேள்வி கேட்டார். இறகுத் தலையணையில் தூங்கினால் தும்மல் வருமா? காலையில் முட்டையோடு காளான் சாப்பிடுவீர்களா?

"ஒரு நாள் வேலைக்குக் காளான் எதுக்கு பாஸ்?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"கிராமத்துல அக்கறையா விசாரிப்பாங்க. வாயை மூடு" என்றார் பாஸ்.

மதுக்கடைக்குள் கூட்டிப்போய் டீ கொடுத்தார்கள். கடைக்காரர் டெனிஸ் லெக் மூன்று கோப்பை வைத்தார், மூன்று துண்டு விதைக் கேக் வைத்தார். நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது துண்டு அநாதையாக இருந்தது, நான் தத்தெடுத்துக்கொண்டேன். மேஜையின் அந்தப் பக்கம் கல்யாண வீட்டு டீ ஜாடி அளவுக்கு ஏதோ ஒன்று, டீ ஆறாமலிருக்கப் போடும் கம்பளி உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஆனால் டெனிஸ் எங்களுக்கு ஊற்றியது ஒரு சின்ன ஜாடியிலிருந்து.

விஷயத்தை மிஸ் ஸ்க்விப் சுருக்கமாகச் சொன்னார். நாளைக்கு ஞாயிறு, ஆலயத்தைக் கட்டிக்கொள்ளும் நாள். ஊரே கைகோத்து ஆலயத்தைச் சுற்றி வளையமாக நிற்கும். நானூறு வருஷமாக வளையம் அறுந்ததில்லை. ஆனால் மறைமாவட்டத்துக்கு இந்த ஆலயம் பாரமாகிவிட்டது. மூடப்போகிற ஆலயங்களின் பட்டியலில் இதன் பெயரும் ஏறியாகிவிட்டது. பிஷப்புக்கு அடுத்த பெரியவரான ஆர்ச்டீக்கன் ஃபேன்ஷா நேரில் வந்து பார்க்கப்போகிறார். ஊர் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அந்த வளையம். அது முழுசாக நின்றால் பட்டியலிலிருந்து பெயர் போகும். இல்லாவிட்டால் கதவுக்குப் பூட்டு.

"என்னை ஞானஸ்நானம் பண்ணுன தொட்டி உள்ள இருக்கு. என்னைப் புதைக்கறதுக்கு இடமும் வெளிய பாத்து வெச்சிருக்கேன்" என்றார் மிஸ் ஸ்க்விப். "நடுவுல பூட்டுப் போட்டா நான் எங்க போறது?"

சேவல் இல்லாத கோபுரத்தோடு ஆர்ச்டீக்கனை வரவேற்பது எப்படி என்று எங்களுக்கும் கவலையாகத்தான் இருந்தது.

ஆலயத்துக்குப் போனோம். முகப்பில் ஒரு பழைய மரப்பலகை, வளையத்துக்கான விதிகளை யாரோ இருநூறு வருஷம் முன்பு வண்ணத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பாஸ் அதைத் தேவைக்கு அதிகமான நேரம் படித்தார். அந்த நேரத்தில் மிஸ் ஸ்க்விப் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கப் போவதாகச் சொல்லி என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி நாடாவைப் பிடித்து அளந்தார். ஆறடி பத்து. "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார். ஜன்னலோ இரண்டடி அகலம்கூட இல்லை.

தடயங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோபுரத்து ஏணி துடைத்து, பழைய இடத்திலேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஈரமண்ணில் காலடித் தடம் நேராக வந்து, பூப்பாத்தி வந்ததும் அழகாக வளைந்து சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போனது. வழியில் மூன்று கேட். மூன்றையும் திருடன் கொக்கி மாட்டி மூடிவிட்டுப் போயிருந்தான். எல்லாவற்றுக்கும் மேல், ஆலயத்துக்கு வருகிறவர்கள் எழுதும் நோட்டில் போன ஞாயிற்றுக்கிழமை தேதியிட்டு ஒரு வரி: 'கோபுரத்தின் மேலிருந்து காட்சி மிக அருமை. நன்றி.'

"கோபுரத்துல ஏற வெளியாளுங்களுக்கு அனுமதி உண்டா?" என்று பாஸ் கேட்டார்.

கிடையாது என்றார் மிஸ் ஸ்க்விப், முகம் சிவந்து.

"தூசி தட்டிட்டுப் போகாம விட்டுட்டானே" என்றேன். பாஸ் முறைத்தார்.

ஏணிக்கடியில் பழைய மடாலயத்தின் நுழைவுச்சீட்டு ஒன்று கிடந்தது. அங்கே ஓடினோம். முக்கால் மைல். பழைய மன்னர் ஒருவர் இடித்தது போக மிச்சமிருப்பது மூன்று வளைவும் நிறைய புல்லும். சீட்டுக் கொடுப்பவர் மிஸஸ் ஹாலட். ஆமாம், வந்தான், சிவப்பு மப்ளர், லேசான நொண்டல், ரொம்ப மரியாதையான ஆள், வெள்ளைப் பன்றிப் பக்கம் போனான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சொல்லி முடித்துவிட்டு மூன்று தட்டில் எலுமிச்சைக் கேக்கை நீட்டினார். மூன்றாவதை நான் கவனித்துக்கொண்டேன்.

வெள்ளைப் பன்றி என்பது குன்றின் சரிவில் சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய பெரிய உருவம். வெட்டியவர்கள் அதைக் குதிரை என்றுதான் நினைத்திருப்பார்கள். அதன் மூக்கின் மேல் மேய்ந்துகொண்டிருந்த இருநூறு ஆடுகளுக்கு நடுவில் மிஸஸ் ஹாலட்டின் புருஷன் நின்றிருந்தார். சிவப்பு மப்ளர், லேசான நொண்டல், ரொம்ப மரியாதையான ஆள். அதே வார்த்தை, அதே வரிசை.

"எந்தக் கால் நொண்டல்?" என்றார் பாஸ்.

ஹாலட் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள் உதவவில்லை. கடைசியில், ஏறும்போது இடது, இறங்கும்போது வலது என்றார். பையிலிருந்து மூன்று இஞ்சி ரொட்டி எடுத்துக் கொடுத்தார்.

அங்கிருந்து ரோமானியர் காலத்துக் குளியல் தொட்டி. வண்ணக்கல் பதித்த தரை, நடுவில் தலையில்லாத மீன் ஒன்று, மேலே தகரக் கூரை. டிக்கெட் மேஜையில் உட்கார்ந்திருந்தது மதுக்கடை டெனிஸ்தான். சனிக்கிழமை மதியம் அவருக்கு இந்த வேலையும் உண்டாம். எங்களுக்கு முன்னால் வந்து சேர ஓடியிருப்பார் போல, மூச்சு வாங்கியது. சிவப்பு மப்ளர் என்று ஆரம்பித்தவர் நடுவில் மறந்துபோய், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து மிச்சத்தைப் படித்தார்.

"ஜூன் மாசத்துல மப்ளரா?" என்றேன்.

"அவனுக்குத் தொண்டை சரியில்ல போல" என்றார் டெனிஸ் பரிவோடு.

டெனிஸ் வைத்த மூன்றாவது கேக் துண்டைச் சாப்பிடும்போது எனக்கே கொஞ்சம் திணறியது. வெளியே வந்தபோது மணி நாலு முப்பது. தூரத்துச் சாலையில் பஸ் ஒரு சிவப்புப் புள்ளியாகப் போய் மறைந்தது.

நான் சாலையை நோக்கி நாலடி ஓடி நின்றேன். பாஸ் மட்டும் புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். என்ன என்று கேட்டதற்கு, கேஸ் முடிந்தது, வா என்றார்.

நாங்கள் திரும்பியபோது மதுக்கடையில் ஊரே இருந்தது. யாரும் குடிக்கவில்லை. டெனிஸ் எங்களைப் பார்த்ததும், அடடா பஸ் போயிடுச்சே, நல்லவேளை மாடியில் அறை இருக்கு என்று இரண்டு சாவியை எடுத்து வைத்தார். ஆணியில் மூன்றாவது சாவி தொங்கியது. மூன்றிலும் புதுசாக எழுதிய அட்டை கட்டியிருந்தது. முதல் அட்டையில் 'பெண்மணி, காளான் வேண்டாம்', இரண்டாவதில் 'நீளமானவர், காளான் நிறைய', மூன்றாவதில் வெறும் கேள்விக்குறி.

பாஸ் நேராக மேஜைக்குப் போனார். கம்பளி உறையைப் பிடித்து மேலே தூக்கினார். உள்ளே வெண்கலச் சேவல், அலகைத் தூக்கிக்கொண்டு, டீ வேண்டுமா என்று கேட்பது போல நின்றது.

டெனிஸ் அவசரமாகக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கேட்டை மூடிட்டுப் போற திருடனை நான் பாத்ததில்ல" என்றார் பாஸ். "பூச்செடியைச் சுத்திப் போறவன், ஏணியைத் துடைச்சு வைக்கறவன், காட்சி நல்லாருக்குன்னு நன்றி எழுதி வைக்கறவன். அவன் வெளியூர்க்காரனா இருக்கவே முடியாது. அவன் நீங்கதான், எல்லாரும். ஏன்னு மட்டும் கொஞ்ச நேரம் புரியல. அப்புறம் பலகை ஞாபகம் வந்துச்சு. முந்தின ராத்திரி இந்த எல்லைக்குள்ள தூங்கி எழுந்தவங்க மட்டும்தான் வளையத்துல நிக்கலாம்னு அதுல எழுதியிருக்கு. வெளியூர்லேர்ந்து வாடகைக்கு ஆள் பிடிச்சு நிறுத்த முடியாது. தூங்க வெச்சாத்தான் உண்டு. அதுக்கு பஸ் போகணும். அதுக்குத்தான் மடாலயம், பன்றி, தொட்டி."

மிஸ் ஸ்க்விப் நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். வளையத்துக்கு முப்பத்தாறு பேர் வேண்டும். போன வருஷம் சரியாக முப்பத்தாறு பேர் இருந்தார்கள். பட்டறை வைத்திருந்த ஸ்டர்மி சகோதரர்கள் மூன்று பேரும் பனிக்காலத்தில் கிளம்பித் தங்கை வீட்டோடு போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மரக்கிளை மாதிரி கை. போன ஞாயிறு ஒத்திகை பார்த்தபோது மூன்று ஆள் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

"எங்களை ஏன் பிடிச்சீங்க?" என்று பாஸ் கேட்டார். குரலில் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது. நாட்டின் மேற்குப் பகுதியிலேயே கூர்மையான மூளை என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்.

டெனிஸ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வைத்தார். போன மாதம் ஆட்டுத் திருடர்களின் வேனைப் பிடித்தபோது வந்த படம். பாஸ் முன்னால் கம்பீரமாக நிற்கிறார். பின்னால் நான் கேட்டை மறித்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன். படத்தில் யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் பாஸ் இல்லை, என் கைகள் இருந்தன.

பாஸ் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"மூளையும் இருந்தா நல்லதுதான்னு நெனச்சோம்" என்றார் ஹாலட், ஆறுதலாக.

"ஒரு லெட்டர் போட்டு நேரா கேட்டிருக்கலாமே" என்றார் பாஸ். "மூணு பேர் வேணும், ஒரு ராத்திரி வந்து தங்குங்கன்னு. வந்திருப்பேனே."

மிஸ் ஸ்க்விப் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட உதவி கேக்கறதா? கூச்சமா இருந்துச்சும்மா. திருடறது அதைவிட சுலபமா இருந்துச்சு."

நானும் இந்த நாட்டில் பிறந்தவன்தான். தப்பான ரயிலில் ஏறிவிட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசி ஸ்டேஷன் வரை போனவன். எனக்குப் புரிந்தது.

கேஸ் முடிந்தது, கணக்கு முடியவில்லை. கம்பெனி என்றால் குறைந்தது மூன்று பேராவது வருவார்கள் என்று நம்பிவிட்டார்கள். அதனால்தான் மூன்று கோப்பை, மூன்று கேக், மூன்று சாவி. இப்போது முப்பத்தைந்து பேர் இருந்தோம். ஒரு ஆள் குறைச்சல். இனி பஸ் கிடையாது.

பாஸ் ஜன்னல் பக்கம் போனார். ஆலய வாசலில் ஒரு சின்னப் பச்சைக் கார் நின்றிருந்தது. கறுப்பு அங்கி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஆர்ச்டீக்கன். கட்டடத்தைச் சோதிக்க முந்தின மாலையே வந்திருக்கிறார், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்ப வருவாராம்.

பாஸ் அந்த மூன்றாவது சாவியை ஆணியிலிருந்து எடுத்தார்.

"ஊருக்குள்ள வர்றதுக்கு எத்தனை ரோடு?"

ஒன்றுதான் என்றார் ஹாலட்.

"உங்க ஆடுங்க எவ்வளவு சீக்கிரம் அந்த ரோட்டுக்கு வரும்?"

ஹாலட் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. வருவது சுலபம், போவதுதான் கஷ்டம் என்றார்.

ஆர்ச்டீக்கனின் கார் ஆட்டு மந்தைக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் நின்றது. இருநூறு ஆடு, ஒரு ஹாரன்கூட அவர் அடிக்கவில்லை. அடித்தால் ஆட்டுக்காரர் தப்பாக நினைத்துக்கொள்வாரே. ஒரு தடவை கண்ணாடியை இறக்கி, சிரமப்படுத்துவதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். ஹாலட்டும் மன்னிக்க வேண்டும் என்றார். இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி மன்னித்துக்கொண்டிருந்ததில் பொழுது சாய்ந்தது. டெனிஸ் சாவியோடு போய் நின்றார். காளானைப் பற்றியும் மறக்காமல் கேட்டார்.

காலையில் மழை. நனையாத நேரம் பார்த்து சேவல் கோபுரத்துக்குத் திரும்பியிருந்தது, கொஞ்சம் கோணலாக. ஊரே ஆலயத்தைச் சுற்றிக் கைகோத்தது. என் ஒரு கையில் ஹாலட், இன்னொரு கையில் டெனிஸ். சுவருக்கு முட்டுக்கொடுக்கும் தூண் துருத்தி நிற்கும், கையை அதிகம் நீட்ட வேண்டிய பக்கம் என்னை நிறுத்தியிருந்தார்கள், தோள்பட்டை கழன்று வந்துவிடும் போல இருந்தது. முகப்பில் பாஸுக்கும் மிஸ் ஸ்க்விப்புக்கும் நடுவில் மட்டும் ஒரு ஆள் அளவுக்கு வெற்றிடம். சரியாக அந்த வெற்றிடத்துக்கு எதிரில், குடை பிடித்துக்கொண்டு, அட்டையில் காகிதத்தோடு ஆர்ச்டீக்கன் நின்றார்.

இடைவெளியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். முப்பத்தைந்து பேரும் மழையில் நனைந்துகொண்டு வேறு வேறு திசையைப் பார்த்தார்கள்.

பாஸ்தான் தன் இடது கையை நீட்டினார்.

"நேத்து சரியா அறிமுகம் பண்ணிக்கலைங்க. ஹெஸ்டர் பிளக்ராஸ்."

நீட்டிய கையைக் கண்டும் காணாமல் விடுவதற்கு ஆர்ச்டீக்கனை யாரும் வளர்க்கவில்லை. பேனாவைப் பையில் போட்டு, அட்டையைக் கக்கத்தில் இடுக்கி, முன்னால் வந்து அந்தக் கையைக் குலுக்கினார். பாஸ் விடவில்லை. அதே நேரம் மறுபக்கம் மிஸ் ஸ்க்விப் வாய் திறக்காமல் தன் கையை நீட்டினார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு மறுப்பதா? ஆர்ச்டீக்கன் ஒரு கணம் குடையைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையையும் பிடித்தார்.

பிடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

"நான் இந்த ஊர்க்காரன் இல்லையேம்மா" என்றார் மெதுவாக.

"ராத்திரி எங்க தூங்கினீங்க?" என்றார் பாஸ்.

ஆர்ச்டீக்கன் முகப்புப் பலகையைப் பார்த்தார். பிறகு வளையத்தில் தேடி ஹாலட்டைப் பார்த்தார். ஹாலட் வானத்தைப் பார்த்தார். மழை எல்லார் மூக்கிலிருந்தும் சொட்டியது. கையை உதற அவருக்கு நிறைய நேரம் இருந்தது. மிஸ் ஸ்க்விப்பின் விரல்களில் அவ்வளவு பலமும் இல்லை.

"ரொம்ப நல்லாத் தூங்கினேன்" என்றார். "காளான்ல மட்டும் கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."

சொல்லிவிட்டு, மிஸ் ஸ்க்விப்பின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஹாலட் கை வழியாக அந்த இறுக்கம் சுற்றி வந்து என்னிடம் சேர்ந்ததை நான் உணர்ந்தேன். மிஸ் ஸ்க்விப் அழுதார். மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார், நாங்களும் தெரியாத மாதிரியே நின்றோம்.

மதுக்கடையில் எல்லோரும் துணி காயக் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். பட்டியலில் ஒரு பெயரை ஆர்ச்டீக்கன் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பாஸ் கேஸ் டைரியைத் திறந்து, திருடியது ஒரு ஊர், சாட்சி அதே ஊர் என்று எழுதினார். துப்பறிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, ரொம்ப யோசித்து, அடைப்புக்குறிக்குள் 'கைகள்: வில்ஃப்' என்று சேர்த்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

டெனிஸ் எங்கள் மேஜையில் மூன்று தட்டு விதைக் கேக் வைத்தார். பழக்க தோஷத்தில் நான் மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டினேன். விரித்தால் ஆறடி பத்து அங்குலக் கைகள். இருந்தும் ஆர்ச்டீக்கன் முந்திக்கொண்டார்.